வளவு வீட்டில் ஒரு நாஸ் பெட்டி

செட்டிநாட்டு வீட்டில் நாஸ் பெட்டி வைப்பதென்றால், எந்த அறையில் வைப்பது என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. நாஸ் என்பது இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க்குகளைத் தாங்கிய சிறு கணினி. திரையும் கீபோர்டும் கிடையாது. ரூட்டரோடு ஒரு கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள கணினிகளுக்கெல்லாம் அது ஒரு பொது ஃபோல்டராகத் தெரியும். இரவில் ஆளில்லாத நேரத்தில் ஒவ்வொரு கணினியும் அன்று மாறிய கோப்புகளை மட்டும் அதில் நகலெடுத்து வைக்கும். ஒழுங்காக ஓடும்வரை அதன் நினைப்பே யாருக்கும் வராது. நின்றுபோனதும் பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

இங்கே நினைவுகூரப்படுவது காரைக்குடியில் ஒரு பழைய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்; நடுவில் திறந்த முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்குள்ள வீடு. ஒரு குடும்பம் மட்டும் அங்கேயே இருந்தது. மற்றவர்கள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் வந்துபோனார்கள். கொரோனா ஊரடங்கில் ஊரிலேயே தங்க நேர்ந்த பிள்ளைகள், இரும்புப் பெட்டியிலும் பரணிலும் கிடந்த காகிதங்களை எடுத்து ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். இசைகுடிமானங்கள் என்னும் திருமண ஒப்பந்தங்கள், பேரேடுகள், ரங்கூன் ஸ்டூடியோவின் முத்திரையோடு அட்டையில் ஒட்டிய படங்கள், வீடியோ கேசட்டிலிருந்து மாற்றிய ஓர் அறுபதாம் ஆண்டுச் சாந்திக் கல்யாணம் என்று சேர்ந்துகொண்டே போயிற்று. பழைய காகிதம் மடிப்பில் விரல் பட்டாலே உடைந்தது. சில ஏடுகளைப் பிரிக்க முடிந்தது ஸ்கேனர் கண்ணாடியில் வைத்த அந்த ஒருமுறைதான். அவற்றுக்கு இனிக் கணினியில் இருப்பதே மூலம் என்று ஆனபிறகு, அதற்கு ஒரு நகல் வேண்டும் என்ற கவலையில் வாங்கியதுதான் அந்தப் பெட்டி.

நகல் வைக்கும் கவலை இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய காலத்தில் கடையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டுகள் மூன்றாண்டுக் கெடுவில் போய்வந்தார்கள். கடல் தாண்டி இருந்த முதலாளிக்குக் கணக்கின் நகல் ஊருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதற்கு முன்னும் பின்னும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தவர்களால் பேரேடுகளைச் சுமந்து வர முடியவில்லை. எந்தக் கணக்கின் நகல் முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்ததோ அந்தக் கணக்கைத்தான் பிறகு விரித்துப் பார்க்க முடிந்தது. அந்த வீட்டில் ஸ்கேன் ஆனவற்றில் அப்படி வந்து சேர்ந்த ஏடுகளும் இருந்தன.

பெட்டி சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் யாரோ எதையோ தேடப்போய், கடைசி பேக்கப் பல வாரங்களுக்கு முந்தையது என்று தெரியவந்தது. இந்த நிலையில் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது டிஸ்க்கைத்தான். புது டிஸ்க் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று கடையிலும் சொல்வார்கள். டிஸ்க் பழுதாவது உண்டு. ஆனால் அதற்கு முன்னே பார்க்கவேண்டியவை நிறைய உண்டு. கரண்ட், முகவரி, பாஸ்வேர்டு, வழி, பிறகு டிஸ்க், கடைசியாகக் கோப்புகள் என்று போவது வழக்கமான வரிசை. அந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கடைசியாக வைக்கும் கோப்புகளை முதலில் வைப்பதே நல்லது என்பதற்கான காரணம் பின்னால் வரும்.

கரண்டிலிருந்து தொடங்கலாம். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் ஒரு சாமான் ஆகிவிட்டது. கரண்ட் போனால் மின்விசிறி நிற்பதில்லை. ஆகையால் பெட்டிக்கும் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள ஒரு கண நேரம் எடுக்கிறது. மின்விசிறிக்கு அது தெரியாது. பெட்டிக்குத் தெரியும், சில சமயம் அணைந்து எழும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் சாதாரண முறை, யூபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் முறையில் மாற்றம் வேகமாக நடக்கும். அந்த வீட்டில் சுவிட்ச் சாதாரண முறையில் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால், பெட்டி எழுந்ததும் இரண்டு டிஸ்க்குகளையும் மறுபடி ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தொடங்கும். மணிக்கணக்கில் நடக்கும் அந்த வேலைக்கு நடுவில் வரும் பேக்கப் மிக மெதுவாக நகரும், அல்லது பாதியில் கைவிடப்படும்.

சரியான வழி, பெட்டிக்கென்று தனியாக ஒரு சிறு யூபிஎஸ் வைத்து, அதிலிருந்து யூஎஸ்பி கேபிள் ஒன்றைப் பெட்டியில் செருகுவது. பேட்டரி குறைகிறது என்ற செய்தி அந்தக் கேபிள் வழியே போய்ச் சேர, பெட்டி தானாக ஒழுங்காக அணையும். கேபிள் செருகாத யூபிஎஸ்ஸால் சில நிமிட அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. பேட்டரி வெப்பத்தில் சீக்கிரம் மூப்படையும். சமையலறைப் பக்கம் வைக்கலாகாது. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம் உள்ள ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்னும் அந்த ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. அந்த ஊரிலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்த பேட்டரிகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

கரண்ட் போய் வந்தபின் ரூட்டர் முதலில் எழும், பெட்டி மெதுவாக எழும். ரூட்டர் முன்பு 192.168.1.5 என்று கொடுத்திருந்த முகவரியை இப்போது வேறொரு செல்போனுக்குக் கொடுத்திருக்கலாம். கணினி பழைய முகவரியில் போய்த் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த முகவரியே என்று ஒதுக்கிவைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இது சில நிமிட வேலை. செய்துவைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது பாஸ்வேர்டு. ஒரே கணினியிலிருந்து ஒரே பெட்டிக்குள் இரண்டு பயனர் பெயர்களில் ஒரே நேரத்தில் நுழைய விண்டோஸ் அனுமதிப்பதில்லை. 1219 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வரும். அப்பச்சி பெயரில் படங்களின் ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டு, மகன் பெயரில் பேக்கப் ஓடவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தால் இரவு வேலை அங்கேயே நின்றுவிடும். கணினியில் நினைவில் வைத்துள்ள பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு, பேக்கப்புக்கென்று பெட்டியில் தனியாக ஒரு பயனரை உருவாக்கி, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே கொடுப்பது நல்லது.

இதன் பக்கத்திலேயே உள்ள இன்னொன்று, கணினியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் முறை. எஸ்எம்பி எனப்படும் அந்த முறையின் முதல் பதிப்பு 1980களைச் சேர்ந்தது. 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய, கோப்புகளைப் பூட்டும் வானாகிரை வைரஸ் அதன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பில், புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பை விட்டுவிட்டார்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போ பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழைவதையும் பெரும்பாலும் மூடிவிட்டது. நேற்றுவரை தெரிந்த பெட்டி, விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் தெரியாமல் போவதற்கு இவையே காரணம். கடையிலிருந்து வரும் பையன் பழைய பதிப்பைத் திரும்ப இயக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று போய்விடுவான். அப்படிச் செய்யவே கூடாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதில் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளை இயக்க வேண்டும். அதற்கு இடமில்லாத அளவுக்குப் பழைய பெட்டியானால் அதை நம்பிக் குடும்ப ஏடுகளை வைக்கக்கூடாது.

இனி வழி. ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்ற இடம் இரண்டாம் கட்டின் உள்ளறை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த தடித்த சுவர், சித்திரை வெயிலிலும் குளிர்ச்சி, தெருப்புழுதி வராது. அதே சுவர்தான் வைஃபைக்குப் பகை. வளவின் திறந்த வெளியைத் தாண்டி எதிர்த்தாழ்வாரம்வரை சிக்னல் தாராளமாகப் போகும். அதை ஒட்டிய அறைக்குள் ஓர் அடி வைத்ததும் விழுந்துவிடும். வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை முதலில் செத்துப்போகும், 2.4 ஓரளவு நுழையும், ஆனால் மெதுவாக. நொடிக்கு 2 மெகாபைட் கிடைத்தால் ஒரு டெராபைட்டை நகலெடுக்க ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். முதல் பேக்கப்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது முடிவதற்குள் மடிக்கணினியை மூடிவிடுவார்கள், கணினி தூங்கிவிடும், மறுநாள் பாதியிலிருந்து தொடங்கும், மறுபடி நிற்கும். முதல் பேக்கப்பை மட்டுமாவது கணினியைப் பெட்டியருகே கொண்டுபோய்க் கேபிளில் செருகி முடித்துவிட வேண்டும்.

நிரந்தரமாகக் கேபிள் இழுப்பதே நல்லது. முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடியாய்த் தேய்த்த சுவரில் ஆணி அடிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் மனமில்லை. அது நியாயமான தயக்கம். தேக்கு உத்தரத்தின் மேற்புறமாக, கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி கேபிளைக் கொண்டுபோனார்கள். வளவைத் தாண்டும் இடத்தில் மட்டும் கூரையோரமாக வெளியில் வந்தது. அந்த இடத்தை அணில் கடித்தது. கேபிள் அறவே அறுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்றுதான் போயிற்று. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். எனவே இணைப்பு அறுபடாமல் ஓசையின்றிப் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டரை மணி நேரத்தில் போகவேண்டிய ஒரு டெராபைட்டுக்கு ஒரு நாள் முழுதும் ஆனது. பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் இணைப்பின் வேகம் 1000 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா எனப் பார்த்தாலே இந்தக் குற்றம் பிடிபடும். இன்னும் ஒன்று, திறந்தவெளியில் போகும் செம்புக் கம்பி இடிமின்னலின்போது இரு முனைகளிலும் உள்ள சாதனங்களைச் சுட்டுவிடக்கூடும். வளவைத் தாண்டும் துண்டுக்கு ஃபைபர் கேபிள் போடுவதே பாதுகாப்பு.

டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்து வைக்கிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஸ்மார்ட் என்ற பெயரில் அதைப் பார்க்கலாம். 197ஆம் வரிசையில் இருக்கும் எண் சுழியத்திலிருந்து ஏறத் தொடங்கினால், படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள் உருவாகின்றன என்று பொருள். டிஸ்க்கை மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். 199 ஏறினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, அதை இணைக்கும் கேபிளிலோ செருகுமிடத்திலோ இருக்கும். அந்த வீட்டில் இரண்டும் சுழியமாகவே இருந்தன.

இவ்வளவையும் சரிசெய்தபின் பேக்கப் மறுபடி ஓடியது. பச்சைக் குறி வந்தது. ஆனால் நகலின் அளவு மூலத்தின் அளவைவிடக் குறைவாக இருந்தது. அதைக் கவனித்தவர் கணக்குப்பிள்ளையாக வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்துத்தான் எதையும் நம்பும் பழக்கம் அவருக்கு. வித்தியாசம் எங்கே என்று தேடியபோதுதான் உண்மையான குற்றங்கள் வெளியே வந்தன. கோப்புகளை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

முதலாவது, விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி இயல்பாக நகலெடுப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற குறிப்பிட்ட இடங்களை மட்டுமே. ஸ்கேன் செய்த கோப்புகளில் ஒரு பெரும்பகுதி, இடம் அதிகம் என்று டி டிரைவில் இருந்தது. பட்டியலில் டி டிரைவே சேர்க்கப்படவில்லை. சொன்னதை எல்லாம் எடுத்தாயிற்று என்பதற்குத்தான் பச்சைக் குறி. சொல்லாமல் விட்டதை அது அறியாது.

இரண்டாவது, தமிழ்ப் பெயர்கள். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆனால் தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது வரக்கூடியது. பிள்ளைகள் ஒவ்வொரு இசைகுடிமானத்துக்கும் கோயில், ஊர், மாப்பிள்ளை வீட்டு விலாசம், பெண் வீட்டு விலாசம், வருடம் என்று முழுமையாகப் பெயர் வைத்திருந்தார்கள். அது சிறந்த பழக்கம். பிற்காலத்தில் தேடுபவருக்கு அதைவிட உதவி வேறில்லை. விண்டோஸ் ஒரு கோப்பின் பெயருக்கு 255 குறியீடுகள்வரை இடம் தருகிறது. பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸ் தருவதும் 255தான், ஆனால் அது எண்ணுவது பைட்டுகளை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் ‘கு’ இரண்டு குறியீடுகளால் ஆனது. இசைகுடிமானம் என்ற பெயர் கண்ணுக்கு ஏழெழுத்து, குறியீடு 12, பைட்டில் 36. ஆக, 85 குறியீடுகளைத் தாண்டிய தமிழ்ப் பெயர் பெட்டிக்குள் போகாது. ஃபோல்டரை மறையீடு (என்கிரிப்ஷன்) செய்து வைத்தால் நிலைமை இன்னும் இறுக்கம். சில பெட்டிகள் அதற்குப் பயன்படுத்தும் முறையில் எல்லை 143 பைட், அதாவது 47 தமிழ்க் குறியீடுகள். மென்பொருள் அந்தக் கோப்பைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. லாக் என்னும் குறிப்பில் ஒரு வரி எழுதிவைக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அந்த வீட்டில் விடுபட்டவை எல்லாம் மிகக் கவனமாகப் பெயரிடப்பட்ட கோப்புகளே.

மூன்றாவது இதற்கு நேர்மாறு. சில கோப்புகள் இரண்டிரண்டாக இருந்தன. ஆயா வீட்டுப் படங்கள் இருந்த கோட்டையூர் ஃபோல்டர் பெட்டியில் ஒரே பெயரில் இரண்டாகத் தெரிந்தது. ‘ஓ’காரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஏகாரக் கொம்பும் பின்னால் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை எப்போதும் இரண்டாகப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் தட்டச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே வருகிறது. சென்னையிலிருந்து வந்த ஒரு பழைய மேக் மடிக்கணினியும் முகப்பு அறை விண்டோஸ் கணினியும் ஒரே பெட்டிக்கு எழுதியபோது, பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஊர்கள். ஒகர, ஓகார, ஔகார வரிசைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிள்ளையார்பட்டிக்கு வராத தொல்லை கோவிலூருக்கு வரும்.

பெயரால் வரும் இந்த இரண்டு குற்றங்களுக்கும் ஒரே தீர்வுதான் நடைமுறைக்கு ஏற்றது. கோப்பின் பெயரை வருடமும் எண்ணுமாகச் சுருக்கி வைத்து, முழு விவரத்தையும் ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதிவைப்பது. பதிவேட்டு எண்ணும் அட்டவணையும் நூலகங்களின் பழைய முறை. பெயரிலேயே எல்லாம் இருக்கவேண்டும் என்று விரும்புபவர்கள், பெயரை 40 குறியீடுகளுக்குள் நிறுத்திக்கொண்டு விவரத்தை ஃபோல்டர்களாகப் பிரித்துக்கொள்ளலாம். விண்டோஸில் முழுப் பாதையும் 260 குறியீடுகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் தடுமாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பேக்கப் உண்மையில் இருக்கிறதா என்பதை அறிய ஒரே வழி, திரும்ப எடுத்துப் பார்ப்பது. ஏதாவது சில கோப்புகளைப் பெட்டியிலிருந்து வேறொரு கணினிக்கு இறக்கித் திறக்க வேண்டும். படமாயின் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், வீடியோவாயின் கடைசி நிமிடம்வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் கணக்கு மென்பொருளின் கோப்புகள் பாதி எழுதிய நிலையில் நகலாகியிருக்கக்கூடும். அத்தகைய மென்பொருளுக்கு அதன் சொந்த பேக்கப் கட்டளையை ஓட்டி, வரும் கோப்பைத்தான் பெட்டிக்கு அனுப்ப வேண்டும்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகளில் ஒரே செய்தி இருப்பதால் இரண்டு நகல் இருப்பதாக எண்ணுவது தவறு. தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். வீட்டில் தீப்பிடித்தால் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியதால் சென்னைக்கு வந்து, மைக்ரோஃபிலிமில் நகலாகிக் காக்கப்பட்டன. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய கணக்கு எளிய வீட்டுக்கும் எட்டக்கூடியதே. அந்த வீட்டில் படைப்புக்கு வருபவர்களில் ஒருவர் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து, பெட்டியிலிருப்பதை அதில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவது என்று ஏற்பாடு செய்தார்கள். மாதக்கணக்கில் அலமாரியில் துண்டித்துக் கிடக்கும் டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

பெட்டியே ஒருநாள் பழுதாகலாம். டிஸ்க்குகள் நன்றாக இருந்தால் செய்தி போய்விடவில்லை. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும், லினக்ஸின் எம்டி ரெய்டு முறையைத்தான் பயன்படுத்துகின்றன. டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் ஓடும் சாதாரணக் கணினியில் இணைத்து, எம்டிஏடிஎம் என்ற கருவியால் திறந்துவிடலாம். மறையீடு செய்த ஃபோல்டர்களுக்கு மட்டும் சாவி வேண்டும். சாவி இல்லையேல் யாராலும் திறக்க முடியாது. அந்தச் சாவியையும், பெட்டியின் நிர்வாகப் பாஸ்வேர்டையும், எந்த ஃபோல்டரில் எது இருக்கிறது என்ற அட்டவணையையும் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு படியும் சென்னையில் டிஸ்க் வைத்திருப்பவரிடம் ஒரு படியும் வைத்தார்கள்.